மறு: ஃபார்ம் டீம்: ‘நாற்றங்கால் அணி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். பெரிய அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்த்து அனுப்பும் சின்ன அணியை ஆங்கிலத்தில் ‘ஃபார்ம் டீம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நாற்றங்கால் அணி’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

> ‘பண்ணை அணி’ என்றே போட்டுவிடலாமே. நேரடியாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

நேரடியாக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது, ஐயா. பண்ணை என்றால் நமக்குக் கோழிப்பண்ணை, இல்லாவிட்டால் பண்ணையார். ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் என்ற பேஸ்பால் அணியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் முப்பது வருடத்துக்கு உங்கள் சொல் பொருந்துகிறது, அதற்கப்புறம் பொருந்தவில்லை.

1928இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திவந்த பிராஞ்ச் ரிக்கி, நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ராச்செஸ்டரின் அணியை வாங்கினார். பணக்கார அணிகளோடு போட்டிபோட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. சின்ன ஊர்களின் அணிகளை வாங்கிப்போட்டு ஆட்களை நாமே வளர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அணியும் மைதானமும் ஆட்டக்காரர்களும் கார்டினல்ஸுக்கே சொந்தம். அது பண்ணையேதான்.

1956 முடிவில் கார்டினல்ஸ் ராச்செஸ்டர் அணியின் உரிமையைக் கைவிட முடிவெடுத்தது. மோரி சில்வர் என்ற உள்ளூர் வணிகர் முன்னின்று, பங்கு ஒன்று 10 டாலர் என்று ஊர்க்காரர்களிடம் விற்றார். 8,222 பேர் வாங்கினார்கள். 1957 முதல் இன்றுவரை அணி ஊருடையது. ஒப்பந்தப்படி மேலே உள்ள பெரிய அணிதான் மாறிக்கொண்டே வந்தது: 1960 வரை கார்டினல்ஸ், பிறகு 2002 வரை பால்டிமோர் ஓரியோல்ஸ், 2020 வரை மின்னசோட்டா ட்வின்ஸ், இப்போது வாஷிங்டன் நேஷனல்ஸ். இன்று அங்கே ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வதும் அந்தப் பெரிய அணி. களம் ஊருடையது, ஆள் ஊருடையவர் இல்லை.

இதை எழுதும்போதுதான் எனக்கு நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் மோட்டார் வசதி உள்ளவர் நிலத்தில் மற்றவர்களும் விதை விடுவார்கள். நாளானதும் நாற்றைப் பறித்து, வேர்மண் போகத் தண்ணீரில் அலசி, முடி முடியாகக் கட்டித் தங்கள் வயலுக்குக் கொண்டுபோவார்கள். பறித்து முடிந்ததும் அந்த இடத்தையும் உழுது நடுவார்கள். அதற்கும் தனி விளைச்சல் உண்டு. ராச்செஸ்டரும் அப்படித்தான். 1928 முதல் 1931 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு தன் லீக்கில் முதலிடம் பிடித்த அணி அது.

1941இல், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஸ்டான் மியூசியல், கார்டினல்ஸின் இன்னொரு சின்ன அணியான ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கி, நடுவில் ராச்செஸ்டருக்கு வந்து, செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார். ஒரே பருவத்தில் விதைப்பும் நடவும்.

> மைனர் லீக்குக்கு ‘இளநிலை லீக்’ வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. மைனர் லீக் என்பது பெரிய லீக்குக்குக் கீழே இந்தச் சின்ன அணிகள் ஆடும் லீக். வயதைக் குறிப்பதுபோல ஆகிவிடும். 1981 ஏப்ரல் 18 இரவு ராச்செஸ்டர், பாட்டக்கெட் ஊருக்குப் போய் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். மறுநாள் விடிகாலை 4:07க்கு, 32 இன்னிங்ஸ் (இரு அணியும் மாறி மாறி அடிக்கும் சுற்று) முடிந்தும் சமநிலையில் நிறுத்தினார்கள். குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள் ஆட்டக்காரர்கள். பார்வையாளர் 19 பேர்தான் மிச்சம். ஜூன் 23இல் தொடர்ந்தபோது 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. அன்று ராச்செஸ்டருக்கு ஆடிய கால் ரிப்கனும் பாட்டக்கெட்டுக்கு ஆடிய வேட் பாக்ஸும் பின்னாளில் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்மன்றம் வரை போனார்கள். கோசா ஒருநாள்கூடப் பெரிய லீக்கில் ஆடவில்லை. தண்ணீர் வராமல் நாற்றங்காலிலேயே முற்றிப்போகும் நாற்றும் உண்டல்லவா? அவரை ‘இளநிலை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுக்கு முறைதான் அங்கே அடிப்படை என்பதால் ‘கீழடுக்கு லீக்’ என்கிறேன்.

---

> நட்ட நாற்று திரும்பி வருமா? அங்கே மேலே போனவரை அடுத்த வாரமே கீழே அனுப்புகிறார்களே.

சரியான கேள்வி. உவமை அங்கே நின்றுவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஆளை எடுத்துக்கொள்வதை ‘நடவு’ என்று சொல்லாமல், ‘மேலழைப்பு’, ‘கீழனுப்பு’ என்று வெளிப்படையாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள பெரிய அணிக்குச் சொல்லும் ‘தாய் அணி’யையும் விட்டுவிடலாம், ஒப்பந்தம் முடிந்தால் மாறுகிறவளைத் தாய் என்பதா? ‘மேலணி’ போதும்.

‘நாற்றங்கால் அணி’யை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த 8,222 பேர் பத்து பத்து டாலராகப் போட்டுக் காப்பாற்றியது இன்னொருவர் பண்ணையை அல்ல, தங்கள் நிலத்தை. மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று இந்தச் சொல்லோடு கட்டுரையை ஏற்றிவிடுகிறேன்.