ராகி வைக்கோலில் சிப்பிக் காளான்: புதுப்பிப்பு

பெங்களூரில் நெல் வைக்கோலுக்குப் பதில் ராகி வைக்கோலில் சிப்பிக் காளான் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்துவிட்டது! காளான் விதை (தானியத்தில் வளர்த்த பூஞ்சை) ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வாங்கியது.

வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்தேன். ஈரப்பதம்தான் முக்கியம். பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பச்சைப் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். வைக்கோலையும் விதையையும் அடைத்த பை முழுக்க வெள்ளைப் பூஞ்சை இழை படர்ந்தபின் காற்றோட்டம் வேண்டும். கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். 20 முதல் 28 டிகிரி போதும் என்பதால் நம்ம ஊர் வானிலைக்கு ஏசி எதற்கு?

அப்புறம், குடையின் ஓரம் மேலே சுருளும் முன் பறித்துவிடுங்கள். வித்துத்தூள் பறந்தால் சிலருக்கு இருமல் வரும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் கவனிக்கவும். தீர்ந்த வைக்கோல் மாடித்தோட்டத்து உரத்தொட்டிக்குப் போகிறது.