புதுப்பிப்பு: அப்பாவின் அழுத்த உறை, 6 வாரம் கழித்து

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இடது கால் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, முழங்காலுக்கு இறுக்கமான அழுத்த உறை போட்டால் தள்ளாட்டம் குறையுமா என்று கேட்டிருந்தேன்.

போட்டுப் பார்த்தோம். உறை இருக்கும்போது கண்ணை மூடி நிற்கச் சொன்னால் முன்னைவிடக் குறைவாக ஆடுகிறார். கழற்றினால் பழைய கதைதான். பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி தசை, தசைநாண், மூட்டு, தோல் எல்லாவற்றிலிருந்தும் மூளைக்குப் போகிறது, உறை தோலை அழுத்தி அந்தச் செய்தியைக் கொஞ்சம் உரக்கச் சொல்கிறது, அவ்வளவே. பயிற்சிக்கு இது துணை, மாற்று அல்ல. உண்மையில் அவரைத் தேற்றியது எடையை இடது காலுக்கு மாற்றி நிற்கும் பயிற்சிதான் என்பது என் எண்ணம்.

ஒரு தப்பு செய்தோம். இரவிலும் கழற்றாமல் விட்டதில் முழங்காலுக்குப் பின்னால் தோல் சிவந்துவிட்டது. உணர்வு குறைந்த கால், அவருக்கு வலிக்கவே இல்லை! இப்போது பயிற்சி நேரத்தில் மட்டும், கழற்றியதும் தோலைப் பார்க்கிறோம். அப்புறம், காலில் ரத்த ஓட்டம் குறைவானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.