பத்து வருஷ லேப்டாப்: இதையே சரிபண்ணலாமா, புதுசு வாங்கலாமா? உதவி வேணும்

முல்லைக்கொடி:

வணக்கம். எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு லேப்டாப். 2015-ல வாங்கினது. ஐ5-5200யு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி பிரவுசர் திறக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடுது. நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதற வேலை செய்றேன். எக்செல், பிரவுசர், வாரத்துல ரெண்டு மூணு வீடியோ கால், அவ்வளவுதான். ஆனா கால் ஓடும்போது எக்செல்லைத் தொடவே முடியறதில்ல.

மகள் மூணு மாசத்துல கட்டடக்கலை படிப்புல சேரப்போறா. அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா நல்ல சக்தியுள்ள பெரிய லேப்டாப் ஒண்ணு வாங்கிடலாம்னு என் எண்ணம். ஹார்டுடிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டா இதுவே போதும்னு கணவர் சொல்றார். அடுத்த மாடல் வரப்போகுது, பொறுங்கன்னு அண்ணன் மகன் சொல்றான். யார் சொல்றதைக் கேக்கறதுன்னு தெரியல.

கீபோர்டு, திரை எல்லாம் நல்லாவே இருக்கு. டச்பேட் மட்டும் ரெண்டு மாசமா அழுத்தினா க்ளிக் ஆகறதில்ல, மவுஸ் வச்சுக்கறேன். பேட்டரி பதினஞ்சு நிமிஷம்கூட நிக்காது, எப்பவும் மேசையில சார்ஜர்ல தான் இருக்கும். மகள் பிறந்ததுல இருந்து எடுத்த படமெல்லாம் இதுக்குள்ளதான். வேற காப்பி கிடையாது.

அமைதிப்புயல்:

பத்து வருஷம் உழைச்சிருக்கு, போதும். புதுசு வாங்கிடுங்க.

ஸ்க்ரூடிரைவர்:

வாங்கறதுக்கு முன்னாடி எது மெதுவாக்குதுன்னு பாத்துடலாம் சகோதரி. கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னா எல்லாமே மெதுவா இருக்குன்னு அர்த்தமில்ல. ஏதோ ஒரு பாகம் மத்ததையெல்லாம் காக்க வைக்குது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். வீடியோ கால் ஓடும்போது, எக்செல்லும் திறந்திருக்கும்போது, சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் எத்தனை சதவீதம்னு சொல்லுங்க.

என் ஊகம் டிஸ்க் மேல. ஹார்டுடிஸ்க்குக்குள்ள தட்டு சுத்துது, முள் அங்கயும் இங்கயும் ஓடிப் படிக்குது. லேப்டாப்ல வர்ற டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து. ஒரு துண்டுத் தகவலைத் தேடிப் பிடிக்கவே 10 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். எஸ்எஸ்டில சுத்தற தட்டே கிடையாது, எல்லாம் சிப்ல தான், அதுக்கு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்குல துண்டுகளைப் படிக்கணும். உங்க பத்து நிமிஷம் அங்கதான் போகுது. அதோட 4 ஜிபி ராம் நிரம்பினா, இடம் பத்தாததை விண்டோஸ் அதே டிஸ்க்கில தான் எழுதி வைக்கும். ஏற்கெனவே திணறுற டிஸ்க் மேல இன்னொரு மூட்டை.

அப்படியே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதையும் ஓட்டி டிஸ்க்கோட ஆரோக்கியம் என்ன நிறத்துல காட்டுதுன்னு பாருங்க.

முல்லைக்கொடி:

பாத்துட்டேன் அண்ணா. சிபியு 45, மெமரி 93, டிஸ்க் 100. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்ல. அந்த இன்னொரு மென்பொருள் மஞ்சள்ல "எச்சரிக்கை"ன்னு காட்டுது. "கரண்ட் பெண்டிங் செக்டார்"ங்கற வரிசையிலயும் மஞ்சள்.

மின்னிழை:

அக்கா, எஸ்எஸ்டி, ராம் எல்லாம் அப்புறம். முதல்ல உங்க டச்பேட் விஷயம். டச்பேட் க்ளிக் ஆகல, பேட்டரியும் நிக்கலன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி உப்பியிருக்கலாம்.

லேப்டாப்பை மூடி சமமான மேசையில வையுங்க. நாலு மூலையும் படியுதா, இல்ல ஆடுதா? மூடி முழுசா பொருந்துதா? அடிப்பக்கத் தகடு எங்கயாவது புடைச்சிருக்கா? பல மாடல்கள்ல டச்பேடுக்கு நேர் கீழதான் பேட்டரி இருக்கும். லித்தியம் செல் வயசானா உள்ள வாயு சேர்ந்து உப்பும். எப்பவும் 100 சதவீதத்துல, சூட்டோட, சார்ஜர்லயே கிடந்தா இது சீக்கிரம் நடக்கும். உப்பின பேட்டரி கீழேயிருந்து தள்ளும்போது டச்பேட் அழுந்த இடமில்லாம போயிடும்.

ஆடுதுன்னா உடனே ஆஃப் பண்ணி சார்ஜரைக் கழட்டிடுங்க. அழுத்தி மூடப் பார்க்காதீங்க. கூரான எதையும் உள்ள விடாதீங்க, துளைபட்டா தீப்பிடிக்கும். துணி, மெத்தை மேல வைக்காதீங்க. படங்களை எடுக்கணுமேன்னு இன்னொரு தடவை ஆன் பண்ணவும் வேண்டாம். பேட்டரியைக் கழட்டின பிறகு எடுத்துக்கலாம்.

முல்லைக்கொடி:

ஆடுது தம்பி. பின்னாடி மூலை ரெண்டும் தூக்கிட்டு நிக்குது. இத்தனை நாள் கவனிக்கவே இல்ல. மகள் இதை மடியில வச்சுத்தான் படம் பார்ப்பா. ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு பழுது பார்க்கறவர்கிட்ட கொண்டு போறேன்.

முல்லைக்கொடி (மறுநாள்):

கழட்டிட்டாங்க. மூணு செல்லும் தலகாணி மாதிரி உப்பியிருந்துச்சு. மின்கழிவு சேகரிக்கற இடத்துக்கு அவங்களே அனுப்பறாங்களாம். பேட்டரி இல்லாமலே அடாப்டர்ல நேரடியா ஓடுது. தம்பி, நீங்க கேட்டிருக்காட்டி நான் டச்பேடை மாத்தச் சொல்லியிருப்பேன். ரொம்ப நன்றி.

ஸ்க்ரூடிரைவர்:

நானும் அந்த வரியைப் படிச்சிட்டுத் தாண்டிப் போயிட்டேன். மின்னிழை பிடிச்சது பெரிய விஷயம்.

இப்ப டிஸ்க். பெண்டிங் செக்டார்னா, படிக்க முயற்சி பண்ணி முடியாம டிஸ்க் குறிச்சு வச்சிருக்கற இடங்கள். இன்னிக்கே செத்துடும்னு இல்ல, ஆனா நம்ப முடியாது. முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் எடுக்காதீங்க. "செக் டிஸ்க்" ஓட்டுங்கன்னு யாராவது சொன்னா, இப்ப வேண்டாம். காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வச்சா அந்த உழைப்பே அதைச் சாய்ச்சிடலாம். யுஎஸ்பி வெளி டிஸ்க் ஒண்ணுல மகளோட படங்களை முதல்ல எடுங்க, வருஷம் வருஷமா, சின்னச் சின்ன ஃபோல்டரா. அடுத்து கணக்கு ஃபைல்கள். மத்ததெல்லாம் கடைசி. ஒரு ஃபோல்டர் தொங்கினா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. எடுத்து முடிச்சதும் வேற எங்கயாவது இன்னொரு காப்பி. பேட்டரி இல்ல, அதனால அடாப்டர் ஒயர் ஆடாம பாத்துக்குங்க.

வாங்கறதைப் பத்தி என் கருத்தை மாத்திக்கறேன். டிஸ்க் மட்டும்தான் பிரச்சினைன்னா எஸ்எஸ்டியும் ராமும் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப டிஸ்க், ராம், பேட்டரி மூணும் போடணும். அத்தனையும் போட்டாலும் உங்க ப்ராசஸர் 5200யு-ல ரெண்டு கோர் (கணக்குப் போடற பகுதி) தான். வீடியோ காலும் எக்செல்லும் ஒண்ணா ஓடும்போது அடுத்த முட்டுக்கட்டை அதுவாத்தான் இருக்கும். அதைவிட, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. நீட்டிப்புத் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு அம்சமும் வேணும். உங்களது அஞ்சாம் தலைமுறை. குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தரல. அடுத்தவங்க கணக்கை வச்சிருக்கற மெஷின்ல அந்தப் பரீட்சை வேண்டாம். உங்க வேலைக்கு இது புதுசு வாங்கற நேரம்தான்.

கோட்டோவியன்:

நான் கட்டடக்கலை படித்தவன். மகளுக்கு இப்போது வாங்காதீர்கள் அக்கா, படிப்பு தொடங்கட்டும். என்னென்ன மென்பொருள் என்று கல்லூரியே பட்டியல் தரும், அதைப் பார்த்துத்தான் மெஷின். கட்டடம் வரையும் ரெவிட், முப்பரிமாணப் படம் செய்யும் 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸில் மட்டும்தான். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ஸ்கெட்ச்அப்பும் ரைனோவும் இரண்டிலும் ஓடும். பட்டியலில் ரெவிட் இருந்தால் மேக்புக் வாங்கியவர் பாடு கஷ்டம். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களின் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும், ஆனால் இந்த மாதிரிக் கனமான மென்பொருள்களுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி தான் பாதுகாப்பு.

கிராஃபிக்ஸ் கார்டு பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த உடலில் 35 வாட்டிலும், தடித்த உடலில் 115 வாட்டிலும் அதே பெயரில்தான் வரும். வேகம் ஒன்றாக இருக்காது. வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்க வேண்டும். ராம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, பின்னால் 32 ஆக்க ஸ்லாட் இருக்க வேண்டும்.

உங்கள் "ரெண்டு பேருக்கும் பொதுவா" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவள் அதைத் தினமும் தூக்கிக்கொண்டு போவாள். திட்டப்பணி ஒப்படைக்கும் வாரத்தில் இரவெல்லாம் ரெண்டர் (மாடலைப் படமாக்கும் வேலை) ஓடும். அந்த நேரத்தில் நீங்கள் கணக்கு எழுதக் கேட்க முடியுமா?

முல்லைக்கொடி:

நான் இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல. அப்ப எனக்கு இப்ப என்ன வாங்கறது? இன்னொரு லேப்டாப்பா?

மின்னிழை:

உங்க பழைய லேப்டாப் எப்பவும் மேசையில சார்ஜர்லதான் இருக்கும்னு நீங்களே சொன்னீங்க. அப்படின்னா உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப் தான் அக்கா. இடம் இல்லன்னா மினி பிசி, மானிட்டர் பின்னாடி மாட்டற அளவு சின்னதுகூட வருது. 24 அங்குல மானிட்டர்ல எக்செல் பார்த்தா கண்ணுக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியும். உப்பறதுக்கு உள்ள பேட்டரி கிடையாது. மானிட்டர், கீபோர்டு எல்லாம் அடுத்த மெஷினுக்கும் வரும். ஆனா கேமராவும் மைக்கும் தனியா வேணும், மறந்துடாதீங்க. கரண்ட் போனா அப்படியே அணைஞ்சிடும், அதனால ஒரு யுபிஎஸ்ஸும்.

16 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, உங்க வேலைக்குத் தாராளம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் போதும்னு போட்டிருப்பாங்க. அது ஏத்தறதுக்கான அளவு, வேலை செய்யறதுக்கான அளவு இல்ல. சேமிப்பு "இஎம்எம்சி"ன்னு எழுதியிருந்தா அது மெதுவான வகை, தொடவே வேண்டாம்.

ப்ராசஸர்ல ஐ5, ரைசன் 5ங்கற பேரை விட பின்னாடி வர்ற எண்ணைப் பாருங்க. ஐ5-12400ன்னா 12-ஆம் தலைமுறை. மினி பிசிக்குள்ள பெரும்பாலும் லேப்டாப் சிப் தான் இருக்கும். ரைசன் 7520யு மாதிரி எண்கள்ல முதல் இலக்கம் வருஷத்தைச் சொல்லும், மூணாவது இலக்கம் தான் உள்ள இருக்கற வடிவமைப்பு. 7520யு-ல அது 2, அதாவது 2019-ல வந்த ஜென் 2ங்கற வடிவமைப்பு. பேர் புதுசு, சரக்கு பழசு.

அப்புறம் "அடுத்த மாடல்" விஷயம். அடுத்த மாடல் எப்பவும் வரும். தேதி அறிவிச்சு, சில வாரத்துக்குள்ள வருது, அதுல உங்க வேலைக்கு வேண்டியது ஒண்ணு இருக்குன்னா காத்திருக்கலாம். எக்செல்லுக்கு அப்படி எதுவும் இல்ல.

முல்லைக்கொடி:

முடிவு பண்ணிட்டோம். எனக்கு மினி பிசியும் மானிட்டரும் இந்த வாரம். மகளுக்குப் பட்டியல் வந்தபிறகு. பழசை என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரல.

ஸ்க்ரூடிரைவர்:

படமெல்லாம் பத்திரமான பிறகு அந்த டிஸ்க்கைக் கழட்டிட்டு, அதே இடத்துல மாட்டற சின்ன சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22 ஏத்துங்க. அதுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பிரவுசரும் வீடியோவும் பார்க்க அது போதும். ராம் சேர்த்தா டிடிஆர்3எல்னு கேட்டு வாங்குங்க, கடைசில அந்த "எல்" முக்கியம். 1.35 வோல்ட்ல ஓடறது அது. சாதா டிடிஆர்3 உங்களதுல வேலை செய்யாது. பேட்டரி மட்டும் திரும்பப் போடவேண்டாம்.

முல்லைக்கொடி:

சரி அண்ணா. படங்கள் 2009-ல இருந்து 2021 வரை வந்தாச்சு. 2022-ல ரெண்டு ஃபோல்டர் தொங்கிச்சு, நீங்க சொன்ன மாதிரி விட்டுட்டு 2023-க்குப் போயிட்டேன். அது இப்ப ஓடிட்டிருக்கு. அந்த ரெண்டையும் கடைசில ஒவ்வொரு படமா எடுத்துப் பார்க்கலாமா?

ஸ்க்ரூடிரைவர்:

எடுங்க. ஒரு படம் ஒரு நிமிஷத்துக்கு மேல நின்னா ரத்து பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க. டிஸ்க் சூடானா அணைச்சு ஆற விட்டுட்டுத் தொடருங்க. மீதி நிக்கறது எத்தனைன்னு சொல்லுங்க, அதுக்கு வேற வழி பார்ப்போம்.