மறு: கோல்ஃபில் ‘ஹேண்டிகேப்’ – குறையா, ஈடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

>> அகராதியில் ஹேண்டிகேப் என்றால் ஊனம், குறை என்றுதான் இருக்கிறது. கோல்ஃபுக்கும் ‘குறையெண்’ என்றே வைத்துவிட்டால் என்ன?

வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி, திறமை குறைந்தவர் தன் மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கொடுக்கும் அடிகளின் எண்ணிக்கைதான் ஹேண்டிகேப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டையைத் தூக்குகிற ஆள் நான், என் ஹேண்டிகேப் 24, இதை வீட்டில் போய் “என் குறை இருபத்து நாலு” என்று சொன்னால் “அவ்வளவுதானா?” என்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சொல்லின் பழைய கதையைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, எந்தப் பொருள் விலை குறைந்ததோ அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தால் சரியாகும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் தீர்ப்பு சொல்வார், தொப்பிக்குள் கைவிட்டு (‘ஹேண்ட் இன் கேப்’) ஆடிய ஆட்டம் அது. அதிலிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவதற்குப் பெயரானது. ஊனம் என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டியது. ஆக, வேர்ப்பொருள் ஈடுகட்டுவது. நம்மிடம் ‘ஈடு’ என்று இரண்டே எழுத்தில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கும்போது எதற்கு ஊனம்? (கிண்டியில் ரேஸ் ஓடுபாதைக்கு உள்ளேயேதான் பல காலம் கோல்ஃபும் ஆடினார்கள். ஒரே மைதானத்தில் குதிரைக்கு ஒரு ஹேண்டிகேப், மனுஷனுக்கு ஒரு ஹேண்டிகேப்.)

‘சலுகை அடி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரேஷன் கடை வாசனை அடிக்கிறது. ‘விட்டுக்கொடுப்பு’ ஆகாது, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து நிற்கும்போது எதிராளி “சரி, எடுத்துக்கோ” என்பாரே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது ஒப்புக்குச் சப்பாணி! ஆனால் சப்பாணியின் ஆட்டம் கணக்கில் சேராது, இங்கே கணக்கில் சேர்ப்பதற்காகவே இத்தனை ஏற்பாடும்.

இன்னொரு சிக்கல், ஒரு சொல் போதாது. ஆறு விதமாக இருந்த முறைகளை 2020இல் உலகம் முழுக்க ஒன்றாக்கினார்கள். அதில் நம் கூடவே வரும் எண் ஒன்று, புள்ளி வைத்த எண், 20.4 என்பது போல. அதை மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பப் பெருக்கி அன்றைக்கு எத்தனை அடி கிடைக்கும் என்று பார்ப்பது இன்னொன்று. கடினம் 113 என்று மதிப்பிட்ட மைதானத்தில் 20.4க்கு 20 அடி, 130 என்றால் 23 (மற்றதெல்லாம் சமம் என்று வைத்துக்கொண்டால்). அதனால் என் முன்மொழிவு: கூட வருவது ஈட்டெண், அன்றைக்குக் கிடைப்பது ஈட்டடி.

போட்டுப் பார்ப்போம். போன வாரம் நாலு அடியில் முடிக்க வேண்டிய ஒரு குழியில் பந்து இரண்டு தரம் குளத்துக்குள் போனது, தண்டனை அடியும் சேர்த்துப் பதினொன்று. கடின வரிசையில் அது 10ஆவது குழி. அன்றைக்கு எனக்கு 24 ஈட்டடி, பதினெட்டுக் குழிக்கும் ஒவ்வொன்று போக மீதி ஆறும் மிகக் கடினமான ஆறு குழிக்கு. ஆக அங்கே எனக்கு ஓர் ஈட்டடி. ஈட்டெண் கணக்குக்கு ஒரு குழியில் ஏறக்கூடிய உச்சம், அதன் இலக்கோடு இரண்டு, அதோடு ஈட்டடி: 4+2+1, ஏழு. பதினொன்று ஏழானது. வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறதா இல்லையா?

‘குறை’ பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த 8இன் சராசரிதான் ஈட்டெண், மிச்சம் 12ஐத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நன்றாக ஆடும் நாளில் நம்மால் எவ்வளவு முடியும் என்பதன் அளவு அது. இது புரியாமல் ஒவ்வொரு ஞாயிறும் 96 (மைதானத்தின் இலக்கு 72, அதோடு என் 24) வரவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த காலம் உண்டு. இப்போது 103 அடித்தாலும் டீ இறங்குகிறது. எண் 28இலிருந்து 24க்கு வந்ததும் புது டிரைவர் (தூரம் அடிக்கிற நீள மட்டை) வாங்கியதால் இல்லை, 72 இலக்கில் 36 அடி குழிப்பச்சையில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, ‘கிரீன்’) உருட்டுவதற்கே ஒதுக்கியது என்று யாரோ சொன்ன பிறகு, முப்பதடி தூரத்திலிருந்து உருட்டி உருட்டிப் பழகினேன், மூன்று உருட்டு இரண்டாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

>> ஈட்டடி என்றால் ஈட்டியால் அடிப்பது போல இருக்கிறதே?

பின்னூட்டத்துக்கு நன்றி. வீடு வீட்டடி ஆவது போல ஈடு ஈட்டடி. இரண்டு நாள் சொல்லிப் பாருங்கள், ஈட்டி மறந்துவிடும். ‘குழிப்பச்சை’ எனக்கே திருப்தியாக இல்லை, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.