ஆத்தாவுக்கு ஒரு பாத்ரூம்: பழைய வீட்டை உடைக்காமல் கட்ட முடியுமா?

வளவுவீட்டான் கேட்டது:

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா) ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய வீடு. முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகள் எட்டுப் பேர். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். நான் ஓய்வு பெற்று ஆத்தாவோடு (அம்மாவோடு) அங்கேயே குடிபோகிறேன். ஆத்தாவுக்கு 84 வயது, முழங்கால் மடங்காது. கழிவறையோ கொல்லைக் கோடியில். இரவில் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும்.

காண்டிராக்டர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். முகப்புச் சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்கிறது, சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசலாம் என்றார். மாடித் தளத்தில் ஒரு மூலை ஒழுகுகிறது, மேலே கான்கிரீட் போடலாம் என்றார். தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லைப் பெயர்த்து விட்ரிஃபைடு டைல்ஸ், வளவுக்கு மேலே ஃபைபர் ஷீட். "ஆறே மாதத்தில் புது வீடு மாதிரி ஆக்கிடலாம் சார்." எனக்கு எதற்குப் புது வீடு? ஒரு பாத்ரூம், ஆத்தா அறைக்கு ஒரு ஏசி, ஒழுகாத மாடி. இவ்வளவுதான் தேவை. பெயர்த்த கல்லைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதும் சந்தேகம் வந்துவிட்டது.

கரணைப்பிடி எழுதியது:

அந்தக் கல்லும் தூணும் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள் அண்ணே, தெரியும்.

நான் பழைய கட்டட வேலைதான் பார்க்கிறேன். முதலில் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் இரண்டடி மேலே ஏறி அங்கே உப்புப் பூக்கும். ஏற்கெனவே யாராவது முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்களா பாருங்கள். அப்படியே வாசலில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைத்தண்ணீர் சுவரோடு தேங்கினால் என்ன பூசியும் பயனில்லை. சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசுங்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிற முட்டைப் பூச்சில் மட்டும் எமல்ஷன் அடித்துவிடாதீர்கள். துணியால் துடைத்தால் போதும்.

மாடி மெட்ராஸ் டெரஸ்தானே? தேக்குக் கட்டை, அதன்மேல் குறுக்கே அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டை ஓடு. கான்கிரீட் பாரத்தைக் கட்டை தாங்காது. பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில்தான் ஒழுகும், இல்லையென்றால் தூம்பு (மழைத்தண்ணீர் வெளியேறும் துவாரம்) அடைத்திருக்கும். சுவருக்குள் போகிற கட்டை நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் இற்றுவிட்டது. அந்த ஒரு கட்டையை மாற்றிவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்து அந்த மூலையை மட்டும் போட்டால் போதும்.

பாத்ரூமை வளவு ஓரத்து அறையிலேயே கட்டலாம். ஆத்தங்குடிக் கல்மேல் கனமான பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மணல், அப்புறம் மேடை. குழாய் மேடைக்குள் ஓடும். நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், கல் அப்படியே இருக்கும்.

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

தம்பி சொல்வது சரி, ஆனால் மேடை என்றால் படி வருமே? முழங்கால் மடங்காதவர்கள் நடுராத்திரி எப்படி ஏறுவார்கள்? இரண்டாம் கட்டில் சாமான் அறை எதுவும் வெறும் தரையாகக் கிடக்கிறதா பாருங்கள். தரை பின்பக்கம் போகப் போகத் தாழ்வாகத்தான் இருக்கும், தண்ணீர் தானாகக் கொல்லைக்குப் போய்விடும். ஆத்தா கட்டிலை அதற்கு அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள். வழியில் நிலைப்படி தடுக்கும், அதை வெட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் சாய்வாகப் பலகை செய்து வையுங்கள்.

வளவை மூடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். குரங்குத் தொல்லைக்குப் பயந்து நாங்கள் ஷீட் போட்டோம். சித்திரை மாதம் வளவைச் சுற்றியுள்ள பத்தியில் உட்கார முடியவில்லை. பிரித்துவிட்டு இப்போது கம்பி வலைதான். மழைத்தண்ணீரும் பழையபடி அண்டாவில் விழுகிறது. ஏசிக் குழாய்க்குச் சுவரைத் துளைக்காதீர்கள், மேல் சாளரம் வழியாகவே விடலாம்.

வளவுவீட்டான் எழுதியது:

நேற்று ஊருக்குப் போய்ப் பார்த்தேன். முகப்பில் முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு அழகு பார்த்துப் பூசியதாம், பூசச் சொன்னதே என் அப்பச்சிதான் (அப்பாதான்)! தூம்பில் ஒரு காக்காக்கூடு. சாமான் அறை வெறும் தரைதான், பித்தளைப் பாத்திரங்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். ஆத்தாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெந்நீர் வருமாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கரணைப்பிடித் தம்பி, அந்தச் சுண்ணாம்புச் சுவர் கீசர் பாரத்தைத் தாங்குமா, இல்லை கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டுமா?