விண்டோஸில் ஓடிய பெர்ல் சிஜிஐ லினக்ஸில் 500 தருகிறது: ஃபைல் இருந்தும் "இல்லை" என்கிறது

கேள்வி:
வணக்கம். விண்டோஸில் அப்பாச்சி வெப் சர்வரில் பல வருடமாக ஓடிய பெர்ல் சிஜிஐ ஸ்கிரிப்டுகளை (வெப் சர்வர் ஓட்டும் நிரல்களை) டெபியன் லினக்ஸ் சர்வருக்கு மாற்றுகிறேன். பெர்ல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முதல் வரியில் சி டிரைவ் பாதை இருந்தது. அதை நோட்பேடில் /யுஎஸ்ஆர்/பின்/பெர்ல் என்று மாற்றி ஏற்றினேன். பிரவுசரில் 500 (சர்வர் பிழை). எரர் லாகில், "அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை". ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! டெர்மினலில் பெர்ல் என்று அடித்து ஸ்கிரிப்ட் பெயரைக் கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது.

பதில்:
ஸ்கிரிப்டுக்கு 755 அனுமதி (எல்லோரும் படிக்கலாம், ஓட்டலாம்; உரிமையாளர் மட்டும் எழுதலாம்) கொடுத்தீர்களா?

கேட்டவர்:
கொடுத்தாயிற்று. மாற்றமில்லை.

பதில்:
அனுமதிச் சிக்கல் என்றால் லாகில் "அனுமதி மறுப்பு" என்று வந்திருக்கும். இங்கே "இல்லை" என்று சொல்லப்படுவது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய பெர்ல்.

விண்டோஸ் எடிட்டர்கள் வரி முடிவில் இரண்டு எழுத்துகள் போடும், குறியீட்டு எண்ணில் சொன்னால் 13, 10. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். முதல் வரியைப் படித்துப் பெர்லைத் தேடும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த 13-ஐயும் பாதையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஆக அது தேடுவது "பெர்ல்" அல்ல, வாலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிய வேறொரு பெயர். அப்படி ஒன்று எங்கே இருக்கும்? நீங்களே பெர்லைக் கூப்பிட்டு ஓட்டும்போது கெர்னல் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் டெர்மினலில் ஓடுகிறது. "கையால் ஓட்டினால் ஓடுது, வெப்பில் ஓடல" என்று யார் வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

'ஃபைல்' கட்டளையை அந்த ஸ்கிரிப்ட் மேல் ஓட்டுங்கள். சிஆர்எல்எஃப் (அந்த 13, 10 ஜோடி) என்று பதில் வந்தால் சந்தேகமே வேண்டாம். வரி முடிவை மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் நிறுவி எல்லா ஸ்கிரிப்டையும் அதில் போட்டு எடுங்கள். படங்கள் போன்ற பைனரி ஃபைல்களை அது தானாகவே தாண்டிவிடும். எஃப்டிபியில் ஆஸ்கி மோடில் (டெக்ஸ்டுக்கான முறையில்) அனுப்பினாலும் வரி முடிவு மாறும், ஆனால் படமும் கூடப் போனால் அது கெட்டுவிடும். எனக்கு அந்த வழி பிடிக்காது.

லாகில் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வந்தால் கதை வேறு. யுடிஎஃப்-8 ஃபைலின் தலையில் பிஓஎம் என்று 3 பைட் உட்கார்ந்திருக்கும், கெர்னலுக்கு முதல் வரி அடையாளமே தெரியாது. பழைய நோட்பேடு யுடிஎஃப்-8-இல் சேமித்தால் அதைச் சேர்த்துவிடும்.

கேட்டவர்:
ஓடிவிட்டது, நன்றி! ஆனால் உறுப்பினர் பட்டியல் டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் பெயரையே "இல்லை" என்கிறது. புதுப் பெயரை எழுதவும் முடியவில்லை. ஃபோல்டருக்கு 777 கொடுக்கச் சொல்கிறார் ஒருவர்.

பதில்:
பட்டியலும் அதே நோய்தான். விண்டோஸ் பெர்ல் டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கும்போதே 13-ஐ விழுங்கிவிடும். லினக்ஸில் அது அப்படியே வரும். வரி முடிவை நீக்கும் பெர்ல் கட்டளையான சாம்ப் வெட்டுவது 10-ஐ மட்டும், எனவே பெயரின் பின்னால் 13 ஒட்டிக்கொண்டு ஒப்பீடு தோற்கிறது. டேட்டா ஃபைலையும் மாற்றிவிடுங்கள். பயனர்கள் விண்டோஸிலிருந்து புதுப் பட்டியல் ஏற்றுவார்கள் என்றால் ஸ்கிரிப்டிலேயே 13-ஐ நீக்கும் ஒரு வரி சேருங்கள்.

777 வேண்டாம், தயவுசெய்து. எவர் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாகிவிடும். சர்வரில் சுஎக்ஸெக் (ஸ்கிரிப்டை வேறு பயனர் பெயரில் ஓட்டும் அப்பாச்சி வசதி) இருந்து, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே 777 கொடுத்தால், ஸ்கிரிப்டை ஓட்டவே மறுக்கும். டெபியனில் அப்பாச்சி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக. டேட்டாவுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, வெப் வழியாகத் திறக்க முடியாத இடத்தில், அந்தப் பயனருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்.

அப்புறம், ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாமல் திறந்து கொடுத்ததை லினக்ஸ் திறக்காது.