வீட்டுக்குள் ஸ்டேக்: கறி சிவக்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

மழைவீடு:
வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான், ஸ்டேக் வேண்டுமாம். கிரில் இல்லை. விடாத மழையில் வெளியே கரி மூட்டவும் முடியாது. நேற்று ஒத்திகை பார்த்தேன். காலையில் வெட்டிய மாட்டுத் தொடைக்கறி, ஓர் அங்குல கனம். உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுது தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நான்ஸ்டிக் தவாவில் இரண்டு துண்டும் சேர்த்துப் போட்டேன். தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் வெந்தது. மெல்லவே முடியவில்லை. மலை உயரம்தான் காரணமா?

செவ்வாய்ப்பேட்டை:
உயரம் காரணமில்லை தங்கச்சி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும், அவ்வளவுதான். கறி சிவப்பது வேறு கணக்கு. மேல்பரப்பு 140 டிகிரியைத் தாண்டினால்தான் அந்த நிறமும் மணமும் வரும். ஈரம் இருக்கும்வரை சூடு அங்கே ஏறாது. உங்கள் விழுதும், உப்பு இழுத்த நீரும்தான் கறியை அவித்துவிட்டன.

முதல் நாள் இரவே உப்பு மட்டும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சமைக்கும்முன் பருத்தித் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

நான்ஸ்டிக் வேண்டாம், 260 டிகிரியில் அந்தப் பூச்சே கெட ஆரம்பிக்கும். கனமான இரும்பு தோசைக்கல் போதும். ஏழெட்டு நிமிடம் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைக் கறியில் தடவி, ஒரு நேரத்தில் ஒரு துண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஆறு முதல் எட்டு நிமிடம். வெண்ணெயும் தட்டிய பூண்டும் கடைசி ஒரு நிமிடத்தில்தான், முன்னாலேயே போட்டால் கருகிவிடும். புகை நிறைய வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று, தினமும் தோசை சுடும் கல்லைத் தொடாதீர்கள். கறி வாசம் மறுநாள் தோசையில் ஏறும்.

அடுப்படி:
அண்ணா சொன்னது நிறத்துக்குச் சரி. ரப்பர் மாதிரி ஆனதற்குக் கறியே காரணம் அக்கா. அன்றைக்கே வெட்டிய கறி விறைத்திருக்கும். குழம்பில் கொதித்தால் அடங்கிவிடும், ஸ்டேக்கில் அடங்காது. இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் தளரும். தொடைக்கறிக்குப் பதிலாகக் கடையில் அண்டர்கட் கேளுங்கள், முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற கறி அது. ஒரு மாட்டுக்கு இரண்டே கீற்றுதான், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெந்ததும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

மழைவீடு:
நடுவில் எவ்வளவு சூடு பார்க்க வேண்டும்? கேக்குக்கு வாங்கிய தெர்மாமீட்டர் இருக்கிறது.

அடுப்படி:
அதுவே போதும். பக்கவாட்டில் நடுவரை குத்துங்கள். 60 வந்ததும் இறக்கினால் தட்டிலேயே 63 வரை ஏறும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். 63 தொட்டு மூன்று நிமிடமாவது ஆறிய பிறகே வெட்டுங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் கல்லில் போடுங்கள். 70 தாண்டினால் மறுபடியும் நேற்றைய கதைதான்.

மழைவீடு:
ஞாயிறு இரவு எழுதுகிறேன். வியாழனே அண்டர்கட் வாங்கி வைத்தேன். கல்லில் போட்டதும் சுர்ரென்ற சத்தம் கடைசிவரை அடங்கவே இல்லை. ஓரமெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். அண்ணன் தட்டில் வழிந்த சாற்றையும் பன்னால் துடைத்துச் சாப்பிட்டான். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் கல்லை எப்படிக் கழுவுவது? சோப்பு போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை:
ரொம்ப சந்தோஷம். லேசாகப் போடலாம், ஊறப்போடக் கூடாது. உடனே அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும்.